வாசம் வந்தால் கிருமி செத்துவிடுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவமனைக்குள் கால் வைத்ததும் ஒரு நெடி மூக்கில் ஏறும் அல்லவா? அது வந்தால்தான் நமக்கு நிம்மதி. "பரவாயில்லை, சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போது எங்கள் வார்டில் தரை துடைக்கும் அம்மா ஒருவர், வாளித் தண்ணீரில் கிருமிநாசினியை ஊற்றிவிட்டு முகர்ந்து பார்ப்பார். வாசம் வந்துவிட்டால் அளவு சரி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அளவுக் குவளையை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. பாட்டிலில் இருந்த குறிப்பைப் படித்துச் சொல்லவும் ஆளில்லை. அன்று நானும்தான் சும்மா இருந்தேன்.

அந்த வாளிக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆன்டிபயாட்டிக் மருந்து கிருமியின் உடலில் குறிப்பிட்ட ஓரிடத்தைக் குறிவைத்துத் தாக்கும். அந்த இடத்தைக் கிருமி மாற்றிக்கொண்டால் மருந்து தோற்றுவிடும். மெத்திசிலின் மருந்து 1959இல் வந்தது. 1961இலேயே அதற்கு அடங்காத கிருமியை இங்கிலாந்தில் கண்டார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வார்டுகளில் நாங்கள் அஞ்சுவது அந்த வகைக் கிருமியைத்தான். ஆனால் குளோரினும் ஆல்கஹாலும் ஓரிடத்தில் மட்டும் அடிப்பதில்லை. கிருமியின் மேலுறையைச் சிதைக்கும், உள்ளே இருக்கும் புரதத்தையும் குலைக்கும். ஆகவே மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ.கூட, சரியான அளவில் போட்டால் செத்துப்போகும்.

அளவு குறைந்தால்தான் வம்பு. நீர்த்துப்போன கிருமிநாசினியில் நோஞ்சான் கிருமிகள் சாகும், தாக்குப்பிடிப்பவை மிஞ்சிப் பெருகும். சில கிருமிகளிடம் ஒருவகைப் பம்பு இருக்கிறது. வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் நாம் இறைத்து ஊற்றுவதைப்போல, உள்ளே வரும் நஞ்சை அது வெளியே தள்ளும். கிருமிநாசினியா, ஆன்டிபயாட்டிக்கா என்ற பேதம் அந்தப் பம்புகள் சிலவற்றுக்குக் கிடையாது. பம்பு மட்டுமல்ல, வேறு வழிகளும் உண்டு. பிரிட்டனில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கிளெப்சியெல்லா கிருமிகளைக் குளோர்ஹெக்சிடினுக்குப் பழக்கிப் பார்த்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் தோலில் தடவுகிறோமே, அந்தக் குளோர்ஹெக்சிடின்தான். அப்படிப் பழகியவற்றில் பல, கொலிஸ்டினுக்கும் அடங்காமல் போயின. வேறு எதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து கொலிஸ்டின்.

இன்னொன்று. கிருமிநாசினி பாட்டிலுக்குள்ளேயே கிருமி வளரும் என்றால் நம்புவீர்களா? செட்ரிமைட் என்ற கிருமிநாசினியில் சூடோமோனாஸ் கிருமி இருந்ததை இங்கிலாந்தின் லோபரி என்ற மருத்துவர் 1951இலேயே எழுதிவைத்தார். பாதி காலியான பாட்டிலில் மேலும் மேலும் ஊற்றி நிரப்பக் கூடாது என்று நாங்கள் கத்துவது இதனால்தான்.

கைக்குத் தேய்க்கும் ஆல்கஹாலும் ஆராய்ச்சிக்குத் தப்பவில்லை. மெல்பர்ன் மருத்துவமனைகளில் 1997 முதல் 2015 வரை சேமித்த 139 என்டரோகாக்கஸ் மாதிரிகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 2010க்குப் பின் கிடைத்தவை, பழையவற்றைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஆல்கஹாலைத் தாங்கின. உடனே கைமருந்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! எத்தனையோ தொற்றுகளைத் தடுப்பது அதுதான். ஒரு சொட்டு எடுத்துப் பெயருக்குத் தேய்க்காமல், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் நனையும்படி 20 முதல் 30 விநாடி தேயுங்கள். கடும் வயிற்றுப்போக்கைத் தரும் சி.டிஃபிசில் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகா. அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கட்டிலையும் கழிவறையையும் குளோரின் கொண்டு துடைக்க வேண்டும்.

துடைப்பதிலும் அவசரம் கூடாது. இரத்தமோ சளியோ கிடந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும். அதன்மேல் ஊற்றிய குளோரின் பாதி வீணாகிவிடும். பிறகு, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை மேசை ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்த கையோடு துணியால் ஒற்றி எடுத்தால் கிருமிக்குக் குளிப்பாட்டியதுபோல் ஆகும்.

வீட்டுக்கு இவ்வளவு தேவையா என்றால், தேவையில்லை. கிருமியைக் கொல்லும் என்று விற்ற சோப்புகளில் சேர்த்த டிரைக்ளோசன் உள்ளிட்ட 19 பொருட்களுக்கு அமெரிக்கா 2016இல் தடை அறிவித்தது. சாதாரண சோப்பைவிட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை.

நம்மவர்களில் சர்க்கரை நோயாளிகள் அதிகம். காலில் புண்ணோடு வார்டில் படுத்திருக்கும் அப்பாவையோ மாமாவையோ பார்க்கப் போகிறீர்கள். கட்டிலில் உட்காராதீர்கள். தொடுவதற்கு முன்பும் பின்பும் கையைச் சுத்தம் செய்யுங்கள். புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் தாதியிடம், "மிஸ்ஸி, கை சுத்தம் செய்துவிட்டீர்களா?" என்று கேட்கவும் தயங்காதீர்கள். என் பணிக்காலத்தில் ஒரு பாட்டி என்னை அப்படிக் கேட்டார். அன்று முகம் சுளித்தேன். ஆனால் திரும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டுத்தான் வந்தேன். உண்மையில் மறந்துதான் போயிருந்தேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.