நாலு வளையம் போட்டாங்க, அஞ்சு இருந்தது

(ஒலிப்பேச்சின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருந்து கேட்கிறவங்களுக்கு இன்னைக்குப் பேசப்போற என்சைம் புதுசு இல்லை. சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுறாங்க இல்லையா? பொதுவா நெசவுல பாவு நூல் அறாம இருக்கக் கஞ்சி போடுவாங்க. நெய்து முடிச்சதும் அந்தக் கஞ்சியை எடுத்தாத்தான் துணி ஈரத்தை நல்லா உறிஞ்சும். ஸ்டார்ச் கஞ்சியை வெட்டி எடுக்கப் பயன்படுற என்சைம்தான் அமைலேஸ். நாம சாப்பிடுற சோத்துல இருக்கிற மாவுச்சத்தை வெட்ட, எச்சிலிலும் கணையத்திலும் சுரப்பதும் அதே குடும்பம்தான்.

அமைலேஸ் எப்படி வெட்டுதுன்னு பார்க்க அதைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சுவாங்க. அதிலிருந்து கிடைப்பது எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம். மேகக் கூட்டம் மாதிரி இருக்கும். எந்த மேகத்துக்குள்ள எந்த மூலக்கூறுன்னு முடிவு செய்வது ஆராய்ச்சியாளர்.

இதுல ஒரு சிக்கல். நிஜ ஸ்டார்ச்சைக் கொடுத்தா, படம் எடுக்குறதுக்குள்ள என்சைம் வெட்டித் தள்ளிடும். அதனால தடுப்பானைக் கொடுப்பாங்க. அப்படி ஒண்ணு அகார்போஸ். சர்க்கரை நோய்க்காரங்க முதல் கவளத்தோட போடுற மாத்திரை. அதுல நாலு வளையங்கள் உண்டு.

1994-ல பிரான்ஸ் ஆய்வுக்குழு ஒண்ணு, பன்றிக் கணைய அமைலேஸோட அகார்போஸைச் சேர்த்து, 2.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்துல வெளியிட்டது. போட்டது நாலு வளையம். வெட்டும் பள்ளத்துல தெரிஞ்சதோ அஞ்சு. தன்னைத் தடுக்க வந்த மருந்தையே என்சைம் வெட்டி, துண்டுகளை வேற மாதிரி ஒட்டியிருந்தது. 1997-ல ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையோட அமைலேஸ்ல பார்த்தப்போ ஆறு வளையம்.

இது ஏன் முக்கியம்? கூடுதல் வளையம் உட்கார்ந்ததால, ஸ்டார்ச் சங்கிலி அந்தப் பள்ளத்துல எங்கெங்க பிடிபடுதுன்னு தெரிஞ்சது. பாட்டில்ல அகார்போஸ்னு எழுதியிருக்குன்னு நாலையே திணிச்சிருந்தா, இந்த விஷயம் கைநழுவிப் போயிருக்கும். அடுத்து மருந்து வடிவமைக்கிறவரும் தப்பான அச்சை வெச்சுத்தான் வேலை செஞ்சிருப்பார்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. படிகம் வளர்க்கிற கரைசல்ல ட்ரிஸ், கிளிசரால் எல்லாம் இருக்கும். சர்க்கரை வெட்டும் என்சைம்களோட பள்ளத்துல ட்ரிஸ் போய் உட்காருவது பலமுறை பார்த்த விஷயம். நாம சேர்த்த மருந்து உள்ளே வராமலே இருக்கலாம். ஆசைப்பட்டுப் பார்த்தா அந்த மேகமே மருந்தாத் தெரியும்.

நம்ம ஊர்க் கல்லூரிகள்ல டாக்கிங் புராஜெக்ட் செய்யுற தம்பி, தங்கச்சிகளுக்குச் சொல்றேன். 1971-லிருந்து இயங்குற புரத தரவு வங்கியில யார் வேணும்னாலும் காசில்லாம அமைப்புகளை எடுக்கலாம். பல அமைப்புகளுக்கு அடர்த்தி வரைபடமும் கிடைக்கும். லிகண்ட் பெயரை மட்டும் படிச்சு வேலையைத் தொடங்காதீங்க. வரைபடத்தைத் திறந்து, அந்த மூலக்கூறைச் சுத்தி நிஜமாவே மேகம் இருக்கான்னு பாருங்க. கரைசல்ல என்னென்ன கலந்தாங்கன்னும் படிங்க. பத்து நிமிஷ வேலைதான். அதை விட்டா ஆறு மாச உழைப்பு வீணாப் போகலாம்.

அடுத்த பகுதியில பார்ப்போம்.