ஒன்றாம் வகுப்புக்கு யார் உபாத்தியாயர்?

(திருப்பூரில் பனியன், பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது)



கூலி உயர்வு, போனஸ், பஞ்சப்படி பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். இன்று வேறொரு பிரச்னையை உங்கள் முன் வைக்கிறோம். நம் குழந்தையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறவர் என்ன படித்திருக்க வேண்டும்? அந்தப் படிப்பை யார் செலவில் கொடுக்க வேண்டும்?

இது படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம் என்று ஒதுங்கி விடாதீர்கள். வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் பாடம் ஏறாவிட்டால் டியூஷன் இருக்கிறது. நம் வீட்டிலோ அப்பாவுக்கு நைட் ஷிப்ட். அம்மா காலையிலேயே செக்கிங்குக்கோ களை வெட்டவோ போயாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் விட்டது விட்டதுதான். ஆகவே, ஒன்றாம் வகுப்பு உபாத்தியாயர் யார் என்ற கேள்வியில் மற்ற எல்லோரையும்விட நமக்கே அக்கறை அதிகம்.

ஓவர்லாக் ஓட்டுகிற டெய்லரை அழைத்து, "நீ கெட்டிக்காரன், நாளை முதல் நிட்டிங் மிஷினைப் பார்த்துக்கொள்" என்று முதலாளி சொன்னால் என்ன ஆகும்? துணி பாழாகும். டெய்லர் திறமை இல்லாதவர் என்பதால் அல்ல. அந்தத் தொழில் வேறு, இந்தத் தொழில் வேறு. தாராபுரம் பக்கத்து விவசாயத் தோழர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். நாற்றங்காலில் கோட்டை விட்டால், நடவுக்குப் பிறகு எவ்வளவு உரம் போட்டு என்ன பயன்?

சிறு குழந்தைக்குப் பாடம் சொல்வது ஒரு தனித் தொழில். பெரிய வகுப்புப் பையனுக்குக் கணக்குச் சொல்ல, முதலில் கணக்குத் தெரிய வேண்டும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தை பன்னிரண்டை ஏன் 21 என்று எழுதுகிறது, 'ன'வும் 'ண'வும் அதற்கு ஏன் குழம்புகின்றன, பேசாமலே உட்கார்ந்திருக்கிற குழந்தையைப் பேச வைப்பது எப்படி — இவற்றைக் கணக்குப் பட்டமோ ரசாயனப் பட்டமோ கற்றுத் தராது. அதற்கென்று பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி நம் நாட்டில் எப்படி வளர்ந்தது? எட்டாவது படித்தவர்கள் பயிற்சி பெற்று 'ஹையர் கிரேடு' உபாத்தியாயர் ஆன காலம் ஒன்று. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர் 'செகண்டரி கிரேடு'. அதனால்தான் ஒன்று முதல் ஐந்து வரை நடத்துகிறவருக்கு இன்றைக்கும் 'இடைநிலை ஆசிரியர்' என்று பெயர். பிறகு பிளஸ் டூவுக்கு மேல் இரண்டு வருஷப் பட்டயப் பயிற்சி என்றாயிற்று. 1986-ஆம் வருஷக் கல்விக் கொள்கைக்குப் பின், ஜில்லாதோறும் சர்க்கார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஏற்பட்டன. நம் பகுதிக்கு உடுமலை தாலுகா திருமூர்த்தி நகரில் அமைந்தது. குழந்தையின் மனவளர்ச்சி, மொழி, கணக்கு, சுற்றுப்புறம் எல்லாம் இப்பயிற்சியில் பாடம். இருபது வாரமாவது பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பழக வேண்டும் என்று 2014-ஆம் வருஷ விதிகள் சொல்லுகின்றன.

மற்றொரு படிப்பு பி.எட். பட்டம் வாங்கிய பிறகு படிப்பது. பெரிய வகுப்புகளுக்கு ஆசிரியர்களைத் தயாரிப்பது. தகராறு இங்கேதான் கிளம்பியது. 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வரை நடத்தலாம். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் ஆறு மாதப் படிப்பு ஒன்றை முடித்தால் போதும். அதாவது, முதலில் மிஷினில் உட்கார், ஓட்டுவதைப் பிறகு கற்றுக்கொள் என்கிற மாதிரி! ராஜஸ்தானில் பட்டயப் பயிற்சி பெற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்குள்ள ஹைகோர்ட் 2021-இல் அந்த அறிவிப்பை ரத்துச் செய்தது. 2023 ஆகஸ்ட் 11-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. கட்டாயக் கல்வி என்றால் தரமான கல்வி என்றுதான் பொருள், தொடக்க வகுப்புக்கு பி.எட். தகுதியாகாது என்பது தீர்ப்பின் சாரம். அத்தேதிக்கு முன்பே முறைப்படி நியமனம் பெற்றவர்களின் வேலை போகாது என்று 2024 ஏப்ரலில் விளக்கமும் தந்தது.

"எங்கள் பெண்ணைக் கடன் வாங்கி பி.எட். படிக்க வைத்தோமே, அவள் கதி என்ன?" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிளஸ் டூவுக்குப் பிறகு பட்டம் மூன்று வருஷம், பி.எட். இரண்டு வருஷம், ஆக ஐந்து வருஷம் படித்த பெண்கள் பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணிக்கொண்டிருப்பது நாட்டுக்கே நஷ்டம். அவர்களுக்குரிய இடம் ஆறாம் வகுப்பிலிருந்து மேலே இருக்கிறது. அந்தக் காலியிடங்களை நிரப்பு என்று சர்க்காரிடம் கேட்போம். அதை விட்டுவிட்டு, பயிற்சி இல்லாத வேலைக்கு அவர்களை அனுப்பினால் நஷ்டப்படுவது யார்? நம் குழந்தைகள்தான்.

பயிற்சி முக்கியம் என்று கோர்ட் சொன்னது. ஆனால் நடைமுறையில் பயிற்சியைவிடப் பரீட்சை பெரிதாகி விட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகள். கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பொதுவாக 90 மார்க் வாங்கினால் தேர்ச்சி. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதன்முதலாக இந்தத் தேர்வு நடந்தபோது லட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை! அக்டோபரில் மறுதேர்வு வைக்க வேண்டி வந்தது. தேறினாலும் வேலை நிச்சயம் இல்லை. நியமனத்துக்கு இன்னொரு போட்டிப் பரீட்சை என்று 2018-இல் உத்தரவு வந்தது.

வேலை கிடைத்தவர் நிலையைப் பாருங்கள். ஒரே பயிற்சி, ஒரே வகுப்பு, ஒரே வேலை. ஆனால் 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் அப்போது 8,370 ரூபாயாக இருந்தது. மறுநாள் ஜூன் 1-இல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய்! சம வேலைக்குச் சம கூலி என்று அவர்கள் வருஷக் கணக்கில் போராடியது இதற்காகத்தான். கூலியைக் குறைத்துவிட்டு நல்ல கைகாரர் வேண்டும் என்றால் வருவாரா? எந்தத் தொழிலிலும் வரமாட்டார்.

2025 செப்டம்பர் 1-இல் சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்பு வழங்கியது. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், பழையவர்களானாலும், இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது. அதை மறுபரிசீலனை செய்யும்படி தமிழக சர்க்கார் மனுச் செய்தது. நாம் கேட்கிறோம்: இருபது வருஷம் குழந்தைகளோடு வேலை செய்தவரின் தகுதியைக் காகிதத்தில் மட்டும் அளக்கலாமா? அவருக்குக் குறை இருந்தால் சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள். வகுப்பறைக்கு வந்து பாருங்கள். அதுதான் நியாயம்.

பின்லாந்து தேசத்தில் 1970-களிலிருந்து தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கு ஏறத்தாழ ஐந்து வருஷப் பல்கலைக்கழகப் படிப்பு, எம்.ஏ. தரத்துக்குச் சமம். ஆனால் அந்தப் படிப்பு முழுவதும் சின்னக் குழந்தைக்குக் கற்பிக்கும் தொழிலைப் பற்றியது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பள்ளிகளிலேயே பழகுகிறார்கள். அந்த நாட்டவர் கட்டணம் கட்டுவதில்லை. 2020-ஆம் வருஷத்திய மத்திய கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்கு வருஷ ஒருங்கிணைந்த பி.எட்.டே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்கிறது. படிப்பு கூடுவதை நாம் எதிர்க்கவில்லை. செலவு யாருடையது என்று கேட்கிறோம். இரண்டு வருஷம் நான்கு வருஷமானால், கட்டணமும் விடுதியும் சர்க்கார் பொறுப்பாக இல்லாவிட்டால், கூலிக்காரன் மகள் அந்த வாசலை மிதிக்க முடியுமா? நம் வீட்டிலிருந்து உபாத்தியாயர் வராவிட்டால், நம் பிள்ளையின் பசியும் பேச்சும் தெரிந்தவர் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்?

பேச்சு என்றதும் நம் ஊர் நிலை நினைவுக்கு வருகிறது. பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் குழந்தைகள் நம் குழந்தைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஒருவன் வீட்டில் இந்தி, இன்னொருத்தி வீட்டில் ஒடியா, வகுப்பில் தமிழ். இந்த வகுப்பை நடத்துவது எத்தனை கஷ்டமான வேலை! திருப்பூருக்கு வேண்டிய பயிற்சியில் இதற்கும் இடம் வேண்டும். அந்தக் குழந்தைகளும் தொழிலாளி வர்க்கத்தின் குழந்தைகளே.

நாம் என்ன செய்வது? 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அந்த நாற்காலி உங்களுடையது, அதில் போய் உட்காருங்கள். அரை நாள் கூலி போகுமே என்றால், கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று கேளுங்கள். அறுபது குழந்தை வரை இரண்டு உபாத்தியாயர், அதற்கு மேல் தொண்ணூறு வரை மூவர் என்பது சட்டம், எண்ணிப் பாருங்கள். குறைந்தால் எழுதிக் கொடுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். உபாத்தியாயர்கள் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் போராடும்போது, "பள்ளி மூடிக் கிடக்கிறதே" என்று முணுமுணுக்காமல் அவர்கள் பக்கம் நில்லுங்கள்.

முறையான பயிற்சி, நிரந்தர வேலை, சமச் சம்பளம், ஏழைப் பெண்ணுக்கு இலவசப் பயிற்சி — இந்த நான்கையும் நம் கோரிக்கைப் பட்டியலில், கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்வோம்.