பிசின் மரமும் கிற்றார் மெருகும்

மரத்தை வாளால் அறுத்ததும் அதன் வாழ்வு முடிந்துவிட்டதென்று பலரும் கருதுவர். தச்சர் அவ்வாறு கருதுவதில்லை. அறுபட்ட பலகை, காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை உறிஞ்சிப் பருக்கிறது. ஈரம் குறைந்தால் சுருங்குகிறது. பிசின் உடைய மரமாயின், வெப்பம் பட்டதும் கசியவும் செய்கிறது. நாற்காலி செய்பவருக்கு இது சிறு தொல்லை. கிற்றார் செய்பவருக்கோ, பல மாத உழைப்பைப் பாழாக்கவல்ல பகை.

ஊவா மாகாணத்தவர் இதனைக் கருத்திற் கொள்வதற்குத் தனிக்காரணம் உண்டு. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மலைகளில், முன்னர் பத்தனைப் புல் வளர்ந்த சரிவுகள் பலவற்றில் இன்று பைனஸ் காடுகள் நிற்கின்றன. மத்திய அமெரிக்காவையும் கரீபியன் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட மரம் இது. 1970களிலும் 1980களிலும் பெருமளவில் இங்கு நடப்பட்டது. நீரூற்றுகள் வற்றுகின்றன என்றும், வரட்சிக் காலத்தில் தீ பரவுகிறது என்றும் மலைநாட்டு மக்கள் இம்மரத்தின்மேற் குறைகூறுவர். ஆயினும், குளிர்நாட்டு ஸ்புரூஸ் பலகையை விலைகொடுத்து வாங்க இயலாத தோட்டத்து இளைஞன் ஒருவன் தன் கையாற் கிற்றார் ஒன்று செய்ய முனைந்தால், அவனுக்கு எளிதில் எட்டுவது பைனஸ் பலகையே.

இம்மரம் அதற்கு ஏற்றதா? நாதம் பிறக்கும் மெல்லிய முகப்புப் பலகைக்கு ஸ்புரூஸ் போன்ற இலேசான மரமே சிறந்தது. கரீபியன் பைனஸ் அதனினும் கனமானது. எனினும், பைன் இனம் இசைக்கு அந்நியமானதன்று. அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1949ஆம் ஆண்டளவில் அமைத்த மின்கிற்றாரின் முதல் மாதிரிக்கு உடலாய் அமைந்தது பைன் மரமே. ஆகவே, மரத்தைக் குறை கூறுவதிலும், அதன் பிசினை அடக்கும் முறையை அறிவதே பயன் தருவது.

பைனஸ் பிசின் இரு கூறுகளால் ஆனது. ஒன்று, ஆவியாகிப் பறக்கும் டர்பன்டைன் எண்ணெய். மற்றது, எண்ணெய் நீங்கியபின் எஞ்சும் கெட்டிப் பொருளாகிய ரோசின். வயலின் வித்துவான் தம் வில்லிலே தேய்க்கும் பளிங்கு போன்ற கட்டி இதுவே. எண்ணெய் மரத்தினுள் தங்கியிருக்கும்வரை பிசின் இளகிய நிலையிலேயே இருக்கும். அத்தகைய பலகையிற் செய்த கிற்றாரை லயன் வீட்டின் தகரக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டால், நண்பகல் வெப்பத்தில் மெருகின் அடியிலிருந்து முத்து முத்தாய்ப் பிசின் வெளிவரும். மேலே எத்தனை பூச்சுப் பூசினும் அது நில்லாது; கணுக்கள் உள்ள இடங்களிற் பூச்சு மஞ்சளாகி ஒட்டும்.

இதற்கு மருந்து வெப்பமே. கொழுந்தை வாட்டி, அரைத்து, சூட்டிலே உலர்த்தினாலன்றித் தேயிலை ஆகாதென்பதைத் தோட்டத்தார் அறிவர். தப்பின் தோலை நெருப்பிலே காய்ச்சினாலன்றி அது முழங்காதென்பதையும் அறிவர். பிசின் மரமும் அத்தகையதே. மர ஆலையின் உலர்த்தும் அறையில் ஏறத்தாழ 71 பாகை செல்சியஸ் வெப்பத்திற் பல மணிநேரம் பலகையை வைத்திருந்தால், எண்ணெயின் பெரும்பகுதி ஆவியாகி, பிசின் உள்ளேயே கெட்டிப்படும். அதன்பின், அந்த அளவு வெப்பம் மீண்டும் தாக்கினாலன்றி அது இளகாது. வெறுங் காற்றில் ஆண்டுக்கணக்காய் உலர்த்தினும் ஈரம் நீங்குமேயன்றி இப்பயன் முழுமையாய்க் கிட்டாது. ஆதலின், வாங்கும்போதே சூளையில் உலர்த்திய பலகையா என்று கேட்டறிதல் வேண்டும். வீட்டு அடுப்பிற் காய்ச்ச முயல்வது ஆபத்து. பிசினும் அதன் ஆவியும் எளிதில் தீப்பற்றுவன. பாகங்களை ஒட்டியபின் சூடேற்றுவதும் தவறு. பிசினுக்கு முன்னே வச்சிரம் இளகிவிடும்.

அடுத்தது துடைத்தல். பிசின் தேங்கிய பைகளையும் கணுக்களையும் முகப்புப் பலகையிலிருந்து விலக்கிவிடுதல் நன்று. இழைத்துத் தேய்த்தபின், டர்பன்டைன் அல்லது அசிற்றோன் நனைத்த துணியால் மேற்பரப்பைத் துடைத்து, ஈரம் ஆறியதும், உள்ளிருக்கும் பிசின் மீண்டும் மேலெழுமுன் முதற்பூச்சை இடவேண்டும்.

முதற்பூச்சுக்கு உகந்தது அரக்கு. பாரதக் கதையில் அரக்கு மாளிகைக்கு உதவிய அதே பொருள்தான், மெழுகு நீக்கி ஸ்பிரிட்டிலே கரைக்கப்பட்டு, மெருகாகிறது. இது பிசினுக்கும் மேற்பூச்சுக்கும் இடையே நல்ல திரையாய் நிற்கும். ஆனால், ஸ்பிரிட் பிசினையும் கரைக்கும் இயல்பினது. எனவே, முதற்பூச்சை அழுத்தித் தேய்க்காமல், மெல்லியதாயும் விரைவாயும் தூரிகையால் இட்டு, உலரவிட்டு, மீண்டும் இடவேண்டும். தோதகத்தி போன்ற எண்ணெய்ப்பசை மரங்களுக்கும் இதுவே வழி. அவற்றிலுள்ள சில பொருள்கள் எண்ணெய் வார்ணிஷை உலரவொட்டாமற் செய்வதால், அரக்குத் திரை அங்கு இன்றியமையாதது.

பிசின் கசியுமென அஞ்சி வார்ணிஷைத் தடித்துப் பூசுவோர் உளர். அது கிற்றாரின் குரலை அடைத்துவிடும். முகப்புப் பலகையின் தடிப்பு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரையே. அதன்மேல் ஏறும் ஒவ்வொரு பூச்சும் அதன் அசைவுக்குச் சுமையாகும். பிசினை முன்பே கெட்டிப்படுத்தியவருக்கு மெல்லிய மெருகே போதும்.

காலத்தையும் நோக்குதல் வேண்டும். ஈரக்காற்றில் இட்ட அரக்கு வெண்மை படர்ந்து மங்கும். யூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேற் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்கிலே மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாய் ஊவாவில் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தரும் அக்காற்றே மெருகிடுவோருக்கும் துணை. ஒக்டோபருக்குப் பின்வரும் மழை மாதங்களில் தூரிகையை எடாதிருப்பதே அறிவுடைமை.

விலையுயர்ந்த மரம் கிட்டவில்லையென்று கைவினையைக் கைவிட வேண்டியதில்லை. அருகிலுள்ள மரத்தின் இயல்பறிந்து, முதலிற் சூடு, பின்னர் துடைப்பு, அதன்பின் மெல்லிய அரக்கு என்னும் வரிசை பிறழாமற் செய்வோரின் கிற்றார், கோடை வெயிலிலும் கசியாது நின்று ஒலிக்கும்.