சொட்டு மருந்து திரும்பத் திரும்ப எதற்கு?

(சுருளிப்பட்டி மகளிர் குழுக்கள் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கெல்லாம் பேசியாச்சு. இப்போ தடுப்பு மருந்து பற்றிக் கொஞ்சம் பேசுவோம். "போன தடவைதானே சொட்டு மருந்து ஊத்துனாங்க, திரும்பவும் எதுக்கு?" என்று நம்மில் பலர் நர்சம்மாவிடம் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் நம்ம தமிழ்நாட்டிலேயே, வேலூரில் கிடைத்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜான் 1970-களில் ஒரு ஆய்வு செய்தார். போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று அளந்து பார்த்தார்.

அதை எப்படி அளப்பது? மோரில் தண்ணீர் விடுவது போலத்தான். ஒரு பங்கு மோருக்கு ஏழு பங்கு தண்ணீர் விட்ட பிறகும் புளிப்பு தெரிந்தால் அது நல்ல மோர்தானே? அதேபோல ரத்தத்தில் மேலே தெளியும் நீரைப் பிரித்து, எட்டு மடங்கு, பதினாறு மடங்கு என நீர்க்கவைத்து, போலியோ கிருமியோடு கலப்பார்கள். எட்டு மடங்கு நீர்த்த பிறகும் கிருமியை அடக்கினால் சக்தி வந்துவிட்டது என்று கணக்கு.

வெளிநாட்டில் மூன்று தவணையில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு மேல் பலன் கிடைத்தது. வேலூரிலோ மூன்று வகைக் கிருமிகளில் இரண்டு வகைக்கு, மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்குத்தான் கிடைத்தது. பார்க்க நல்லா இருக்கும் பிள்ளைக்கும் பிடிக்காமல் போகலாம். குடலில் வேறு கிருமிகள் இருப்பதும், வயிற்றுப்போக்கும் காரணமாகலாம் என்றார்கள். மருந்து மேல் குற்றமில்லை, தவணைதான் கூட வேண்டும் என்று புரிந்தது. 1995-ல் நாடு முழுக்க போலியோ முகாம் தொடங்கியது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுவகைப் போலியோ இல்லை. 2014-ல் போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழும் கிடைத்தது.

வேலூரில் பின்னாளில் கைக்குழந்தைகளுக்கு மூன்று நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பார்த்தார்கள். குடல் கிருமி குறைந்தது. சொட்டு மருந்தின் பலன் மட்டும் கூடவில்லை என்று 2016-ல் தெரிவித்தார்கள். ஆகவே மெடிக்கலில் நாமாக மாத்திரை வாங்கிக் கொடுப்பது வீண். ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்கு ஒரு போலியோ ஊசி போட்டபோது குடலின் எதிர்ப்பு கூடியதும் வேலூரில்தான் தெரிந்தது. இப்போது சொட்டு மருந்தோடு ஊசியும் போடுகிறார்கள். ரெண்டும் வேண்டும்.

பெரியவங்களுக்கும் இதே கதைதான். வயசானவங்க உடம்பில் தடுப்பூசி பல நேரம் குறைவாகவே பிடிக்கும். டயாலிசிஸ் செய்பவருக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை இரட்டிப்பு அளவில் போட்டு, பிறகு ரத்தம் எடுத்துப் பிடித்ததா என்று பார்ப்பார்கள். நம்ம வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்க.

ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க முடியாது. நமக்கு அளவுகோல் அட்டைதான். அட்டையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

ஏலத்தோட்ட வேலைக்கு விடியக்காலையில் ஜீப் ஏறும் அம்மாவுக்கு, புதன்கிழமை ஊசிக்கு நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் ஒன்று செய்வோம். மாதக் கூட்டத்துக்குக் குழந்தையின் அட்டையையும் கொண்டுவாங்க. தவணை விட்டுப்போன பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுவோம். வேலைக்குப் போகாத ஒரு உறுப்பினர் குழந்தையையும் பாட்டியையும் கூட்டிப் போகட்டும். லேசான சளி, வயிற்றுப்போக்கு என்று நாமே தள்ளிப்போடாமல், நர்சம்மாவிடம் சொல்லிப் போடச் சொல்லுங்க.

கடன் தவணை ஒன்று தவறினால் குழுவே வீடு தேடிப் போகிறோமே, பிள்ளையின் தவணைக்கும் போவோம்.