சூளையில் படித்தது, சாலையில் மறந்தது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க" என்றார்கள். இந்த மேடையில் வழக்கமாகக் களிமண், கிளேஸ், சூளை என்று பேசுவோம். நான் லாரியைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் விருத்தாசலத்துப் பீங்கான், வைக்கோல் பொதிந்து லாரி ஏறி, உடையாமல் போய் இறங்கினால்தானே காசு?

1998 ஜனவரி. நான் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு லோடு இன்சுலேட்டர் ஸ்ரீநகருக்குப் போனது. எண்ணி ஒப்படைக்க என்னையும் கூட அனுப்பினார்கள். டிரைவர் அண்ணன் நாமக்கல் பக்கத்துக்காரர். ஜம்மு தாண்டி மலையேறி, பனிஹாலில் நின்றுவிட்டோம். மேலே ஜவஹர் சுரங்கப் பாதைப் பக்கம் பனி கொட்டி ரோட்டை அடைத்துவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் லாரி வரிசை.

குளிர் தாங்காமல் ராத்திரி ஸ்டவ்வைக் கேபினுக்குள் தூக்கினேன். அண்ணன் பிடுங்கி வெளியே வைத்தார். "கதவ மூடிட்டு அடுப்பப் பத்த வெச்சா காலையில எந்திரிக்க மாட்டோம் தம்பி" என்றார். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், நிறமில்லை, வாசனையில்லை. சூளையில் காற்றைக் குறைத்து எரிக்கும்போது வருகிற அதே வாயுதான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அப்போது ஞாபகம் வரவில்லை.

விடிந்து பார்த்தால் முன் கண்ணாடி முழுக்கப் பனி, கிளேஸ் பூசியது போல இறுகியிருந்தது. ரோடு எப்போது திறப்பார்கள் என்று விசாரிக்க அண்ணன் போயிருந்தார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று, டீக்கடையில் ஒரு வாளி வெந்நீர் வாங்கி வந்து கண்ணாடியில் ஊற்றினேன். 'டப்'பென்று ஒரு சத்தம். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விரிசல் ஓடியது.

திரும்பி வந்த அண்ணன் திட்டவில்லை. "சூளைப் படிப்பு படிச்சேன்னு சொன்னீங்களே தம்பி, சூடான சட்டியில பச்சத் தண்ணி ஊத்துவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பிகளே, இதைத்தான் நாம் வெப்ப அதிர்ச்சி என்று படிக்கிறோம். கண்ணாடி வழியே வெப்பம் மெல்லத்தான் நகரும். வெந்நீர் பட்ட மேல்பக்கம் விரிய, உள்பக்கம் குளிர்ந்தபடியே இழுபடும். அழுத்தத்தைத் தாங்குகிற கண்ணாடி, இழுவையைத் தாங்காது. கல் தெறித்த சின்னக் குழி ஒன்று இருந்தால் போதும், விரிசல் அங்கே தொடங்கிவிடும். சூளைக் கதவை அவசரப்பட்டுத் திறந்தால் சரக்கு வெடிப்பதும் இப்படித்தான். 573 டிகிரியில் குவார்ட்ஸ் சுருங்கும், அங்கே மெதுவாக ஆற விட வேண்டும் என்று மனப்பாடம் செய்தவன்தான் வாளியைத் தூக்கினேன்!

அதன் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மாலையில் வண்டியை நிறுத்தியதும் ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை வடிப்பார். அது உறைந்தால் பிரேக் பிடிக்காது. வைப்பரைத் தூக்கி நிறுத்திக் கண்ணாடிக்குச் சாக்குப் போடுவார். காலையில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்து, இளகிய பனியை மரச்சில்லால் தள்ளுவார். குளிரில் டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டர் அடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஸ்ரீநகர் சேர்ந்ததும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் பேசினார். "கல்லு பட்டு கண்ணாடி போச்சுங்க" என்றார். அவருடைய படியில் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே நின்றும் நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

பிறகொரு மழைக்காலத்தில் அவர் வண்டியில் உளுந்தூர்ப்பேட்டை வழியாக வந்தேன். ராத்திரி ஈசல் கூட்டம் கண்ணாடியில் அப்பியது. "வைப்பர் போடுங்கண்ணே" என்றேன். "போட்டா பால் மாதிரி இழுகும், எதிர் லைட்ல ஒண்ணும் தெரியாது" என்று ஓரங்கட்டினார். ஈரச் சாக்கை விரித்து ஊறவிட்டு, பத்து நிமிஷம் கழித்துத் துடைத்தார். ரேடியேட்டர் முன்னால் கட்டியிருந்த வலையையும் உதறினார். பூச்சி அடைத்தால் எஞ்சின் சூடேறும். பனிக்கும் ஈசலுக்கும் அவர் வைத்தியம் ஒன்றுதான்: பொறுமை.

அன்றுதான் கண்ணாடிக் காசை நீட்டினேன். எண்ணி வாங்கிக்கொண்டார். "இனிமே வெந்நி ஊத்தாதீங்க தம்பி" என்றார்.

இன்று வசதி பெருகிவிட்டது. மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை 2019இல் இந்தியன் ஆயில் லடாக்கிற்குக் கொண்டுவந்தது. பனிஹால் - காசிகுண்ட் புதிய சுரங்கப் பாதை 2021இல் திறந்தது. ஆனால் கண்ணாடியின் குணமும் அடுப்புப் புகையின் குணமும் மாறவில்லை.

தம்பி தங்கையரே, படித்ததைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாதீர்கள். நம் சரக்கை ஏற்றிப் போகிறவரோடு ஒரு டீ குடித்துப் பேசுங்கள். உங்கள் தவறுக்கு இன்னொருவர் படியில் கை வைத்தால், என்னைப் போல் வாய் மூடி நிற்காதீர்கள்.