தேயிலைச் சரிவில் காட்டுமாடு

குன்னூர், கோத்தகிரித் தேயிலைச் சரிவுகளில் காட்டுமாடு முட்டி ஆள் சாகும்போதெல்லாம், சுட அனுமதி வேண்டும் என்ற குரல் எழுகிறது. கோபம் நியாயமானது, கேட்கும் தீர்வு சரியல்ல. ஆண்மாடு 1,000 கிலோ வரை எடை இருக்கும். ஆனாலும் அது புல் மேயும் பிராணி, மனிதரைத் தேடி வருவதில்லை. அதன் புல்வெளிகளைத் தேயிலையும் சீகை மரமும் உண்ணிச்செடியும் விழுங்கிவிட்டன. புதர் மறைவில் திடீரென்று நெருங்கிவிட்டால், மிரண்டு பாய்கிறது.

அந்தக் காலத்தில் சுட்டார்களே என்பார்கள். உண்மைதான், வேட்டையாடிய துரைமார்களே விலங்குகள் அற்றுப்போகுமென்று அஞ்சி, 1879-இல் நீலகிரிக்கென வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும் அளவுக்குச் சுட்டார்கள். குண்டடிபட்டுத் தப்பிய மாடோ இன்னும் ஆபத்தானது. விடியலில் வேலைக்கு நடக்கும் தொழிலாளிக்குத் துப்பாக்கி உதவாது. பாதையில் விளக்கும், வெட்டிய புதரும், தாமதமில்லாத இழப்பீடும் உடனே வேண்டும்.