ஈனாக் பவலும் 74 சதவீத மக்களும்



1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. லண்டன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் ஏறக்குறைய 1,000 பேர் வேலையைப் போட்டுவிட்டு நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலமாகக் கிளம்பினார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு இல்லை. கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னணித் தலைவர் ஒருவரின் பதவியை ஏன் பறித்தீர்கள் என்று கேட்கத்தான் அத்தனை பேரும் நடந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கட்சிக்கே ஓட்டுப் போட்டுவந்த கிழக்கு லண்டன் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தங்கள் பகுதியின் தொழிற்கட்சி எம்.பி.க்களையே அன்று வாசலில் வைத்துத் திட்டித் தீர்த்தார்கள். கையில் பிடித்திருந்த அட்டைகளில் திரும்பத் திரும்ப ஒரே பெயர்தான்: ஈனாக் பவல்.

மறுநாள் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையின் சுமைதூக்கும் தொழிலாளர்கள் 92 பக்க மனுவோடு வந்தார்கள். அடுத்த சில நாட்களில் பவலின் முகவரிக்கு மூட்டை மூட்டையாகத் தபால் வந்து குவிந்தது. மே மாதத் தொடக்கத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள். எதிர்த்து எழுதியவை அவற்றில் சில நூறுதான்.

அப்படி என்ன பேசிவிட்டார் அவர்?

மூன்று நாள் முன்னால், ஏப்ரல் 20 சனிக்கிழமை, பர்மிங்ஹாம் நகரின் மிட்லண்ட் ஹோட்டலில் ஒரு கட்சிக் கூட்டம். அரங்கில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஆனால் உரையின் நகல் முன்கூட்டியே பத்திரிகைகளுக்குப் போய்விட்டது. தொலைக்காட்சிக் கேமராவும் வந்திருந்தது. வீடு வாடகைக்கு விடுவதிலும் வேலைக்கு ஆள் எடுப்பதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இன உறவு மசோதா அடுத்த வாரம்தான் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வர இருந்தது. பவல் அதை எதிர்த்தார். ஏற்கெனவே குடியேறியவர்களைச் சார்ந்த குடும்பத்தினர் என்று ஆண்டுக்கு 50,000 பேரை உள்ளே விடும் நாட்டுக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும் என்றார். இன்னும் 15, 20 ஆண்டுகளில் கறுப்பன் கையில் சாட்டை இருக்கும் என்று தன் தொகுதிவாசி ஒருவர் சொன்னதாக எடுத்துச் சொன்னார். ரோமானியக் கவி வர்ஜிலின் காவியத்தில் ஆறு இரத்தமாக நுரைத்து ஓடுவதாகச் சொல்லும் தீர்க்கதரிசனத்தை நினைவுபடுத்தி முடித்தார். அன்றிலிருந்து அந்தப் பேச்சுக்கு ‘இரத்த ஆறுகள் உரை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இது வாய் தவறி வந்த பேச்சில்லை. பவலின் தொகுதி இருந்த வுல்வர்ஹாம்ப்டன் நகரின் ‘எக்ஸ்பிரஸ் அண்ட் ஸ்டார்’ நாளிதழ் ஆசிரியர் கிளெம் ஜோன்ஸ், பவலின் குடும்ப நண்பர். வார இறுதியில் ஒரு பேச்சு பேசப்போகிறேன், ராக்கெட் போல மேலே போகும், ஆனால் கீழே விழாது என்று பவல் அவரிடம் முன்னதாகவே சொல்லியிருந்தார். உரையைப் பார்த்தபின் அந்த நட்பு முறிந்துபோனது.

பவல் யார் என்று தெரிந்தால்தான் மக்கள் அவரிடம் மயங்கியது புரியும். மேடையில் கத்தும் சாதாரண ஆள் இல்லை அவர். 25 வயதில் சிட்னி பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பிரிகேடியராக உயர்ந்தவர். இந்தியாவில் பணியாற்றியபோது உருது படித்தார். ஒருநாள் இந்தியாவின் வைஸ்ராய் ஆவது என்பதே அவருடைய கனவு. 1947 பிப்ரவரியில், இந்தியாவை விட்டு வெளியேறப் போகிறோம் என்று பிரதமர் அட்லி அறிவித்த இரவில், பவல் லண்டன் தெருக்களில் விடிய விடிய நடந்துகொண்டே இருந்தாராம்.

அவரிடம் நேர்மை இருந்ததற்கும் சான்று உண்டு. 1959-இல் கென்யாவின் ஹோலா முகாமில் கைதிகள் 11 பேர் அடித்தே கொல்லப்பட்டார்கள். தண்ணீர் குடித்துச் செத்தார்கள் என்று மூடி மறைக்கப் பார்த்தது காலனி நிர்வாகம். ஆட்சியில் இருந்தது பவலின் கட்சி. ஆனாலும் நள்ளிரவு தாண்டிய விவாதத்தில் அவர் எழுந்து நின்று, ஆப்பிரிக்காவுக்கு ஒரு நியாயம், இங்கிலாந்துக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது என்று தன் அரசையே கண்டித்தார். தான் நாடாளுமன்றத்தில் கேட்ட மிகச் சிறந்த உரை அதுதான் என்று எதிர்க்கட்சியைச் சேர்ந்த டெனிஸ் ஹீலி பிற்காலத்திலும் சொல்லிவந்தார். 1960 முதல் 1963 வரை பவல் சுகாதார அமைச்சர். அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் ஓடியது கரீபியன் செவிலியர்களாலும் இந்திய, பாகிஸ்தான் மருத்துவர்களாலும்தான். மருத்துவமனைகள் விரிவடைய காமன்வெல்த் மருத்துவர்கள் உதவினார்கள் என்று பர்மிங்ஹாம் உரையிலேயே அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

படித்தவர், பதவிக்கு ஆசைப்படாதவர், மனதில் பட்டதைச் சொல்பவர் என்ற பெயர் இப்படித்தான் வந்தது. அந்தப் பெயர்தான் 1968-இல் பெரும் கேடாக மாறியது. ஒருவர் தைரியமாகப் பேசுகிறார் என்பதையே அவர் பேசுவது உண்மை என்பதற்குச் சான்றாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

உரையின் நடுநாயகமாக இருந்தது ஒரு மூதாட்டியின் கதை. போரில் கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர், இருந்த வீட்டை வாடகை விடுதியாக்கிப் பிழைத்துவந்தவர். தெருவில் கறுப்பர்கள் குடியேறினார்கள். அவர்களுக்கு அறை தர மாட்டேன் என்று மூதாட்டி மறுத்தார். ஜன்னல் கண்ணாடிகள் உடைகின்றன, கதவில் தபால் போடும் துவாரத்தின் வழியே மலம் வந்து விழுகிறது என்று ஒரு கடிதத்தை வாசித்தார் பவல். கேட்டவர் யாருக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். அந்தக் கடிதத்தை எழுதியவர்கூட அந்த மூதாட்டி இல்லை, வேறொருவர். நிருபர்கள் வுல்வர்ஹாம்ப்டன் தெருக்களில் அலைந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. பவல் பெயர் சொல்ல மறுத்தார். ‘சண்டே டைம்ஸ்’ இதழ் அவர் பேச்சை இனவாதப் பேச்சு என்று எழுதியபோது அவதூறு வழக்குப் போட்டார். உரைக்கு ஆதாரமான கடிதங்களைக் கொடுங்கள் என்று கேட்கப்பட்டதும் வழக்கை விட்டுவிட்டார். எழுதியவர்களுக்கு ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது அவர் சொன்ன காரணம். ஒரு நாட்டையே உலுக்கிய கதை, பவல் உயிரோடு இருந்தவரை யாராலும் சரிபார்க்க முடியாத கதையாகவே நின்றது.

அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் எட்வர்ட் ஹீத், உரைக்கு மறுநாளே அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். ‘தி டைம்ஸ்’ தலையங்கம் பவலின் பேச்சைத் தீய உரை என்றே தலைப்பிட்டுக் கண்டித்தது. மக்கள் கருத்து வேறாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் கேலப் நிறுவனம் எடுத்த கணிப்பில் 74 சதவீதம் பேர் பவல் சொன்னதை ஏற்பதாகச் சொன்னார்கள். ஏற்காதவர்கள் 15 சதவீதம். ஹீத் அவரை நீக்கியது தவறு என்றவர்கள் 69 சதவீதம்.

இந்த 74 சதவீதத்தையும் வெறியர்கள் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் அது சரியாகாது. அவருக்கு வந்த கடிதங்களை ஆராய்ந்தவர்கள், அப்பட்டமான இனவெறி சிறுபகுதியில்தான் இருந்தது என்றார்கள். எங்கள் பழக்கவழக்கம் மாறிப்போகிறது, எங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற குமுறலே அதிகம். ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவரும், பவலைச் சந்தித்துவிட்டு வந்து, நாங்கள் இனவாதிகள் இல்லை என்றுதான் நிருபர்களிடம் சொன்னார்.

துறைமுகத்தில் அன்று என்ன நடந்துகொண்டிருந்தது? 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டே கிழக்கிந்தியத் துறை மூடப்பட்டது. 1968-இல் செயின்ட் கேத்தரின் துறையும் மூடப்பட்டது. பெட்டிபெட்டியாகச் சரக்கு வரும் கன்டெய்னர் முறை டில்பரி துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. முதுகில் சுமை தூக்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு இனி வேலை இருக்காது என்பது கண்ணுக்கு நேரே தெரிந்தது. அந்த வேலைகளைப் பறித்தது ஜமைக்காவிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்த யாரும் இல்லை. சந்தை தன் வழியில் போகட்டும், அரசு தலையிடக் கூடாது என்பதே பவலின் பொருளாதாரக் கொள்கை. அந்தத் தொழிலாளிகளின் வயிற்றுக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. குறை உண்மை. அதற்கு அவர் காட்டிய காரணம் பொய்.

கணிப்பில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பேச்சுக்குப் பிறகு உங்கள் தெருவில் பயமில்லாமல் நடக்க முடிகிறதா என்று கறுப்பின மக்களை, ஆசிய மக்களை எந்த நிறுவனமும் போய்க் கேட்கவில்லை. பதில் செய்தித்தாள்களில் இருந்தது. வுல்வர்ஹாம்ப்டனில் மேற்கிந்தியக் குடும்பம் ஒன்று குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து நடத்திக்கொண்டிருந்தது. வெள்ளை இளைஞர்கள் கும்பலாக வந்து ‘பவல், பவல்’ என்று கத்திக்கொண்டே தாக்கினார்கள். குழந்தையின் தாத்தாவுக்கு இடது கண்ணுக்கு மேலே எட்டுத் தையல். லண்டனில் ஹாக்னியில் பிறந்த பால் போட்டெங்குக்கு அப்போது வயது 16. பிறந்த நாட்டிலேயே தெருவில் வசைபட்டு, எச்சில் உமிழப்பட்ட முதல் அனுபவம் அந்தப் பேச்சுக்கு மறுநாள் நேர்ந்தது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதே பையன் 2002-இல் பிரிட்டனின் முதல் கறுப்பின கேபினட் அமைச்சர் ஆனார்.

அடி வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1968 ஏப்ரல் கடைசியிலேயே லீமிங்டன் ஸ்பா நகரில் இந்தியத் தொழிலாளர் சங்கமும் மற்ற குடியேறிகளின் அமைப்புகளும் கூடிக் கறுப்பின மக்கள் கூட்டணியை உருவாக்கின. வுல்வர்ஹாம்ப்டன் பேருந்துகளில் தலைப்பாகையும் தாடியும் கூடாது என்ற விதியை எதிர்த்து சீக்கிய ஓட்டுநர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். பவல் தன் உரையில் அந்தக் கோரிக்கையையும் சாடியிருந்தார். 1969 ஏப்ரலில் அந்த விதி நீக்கப்பட்டது.

ஹீத்தின் முடிவைப் பாராட்டத்தான் வேண்டும். மக்களில் பெரும்பாலோர் எதிர்ப்பார்கள் என்று தெரிந்தும் செய்தார். 1972-இல் உகாண்டா அதிபர் இடி அமீன் தன் நாட்டிலிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது பவலும் ஸ்மித்ஃபீல்டு தொழிலாளர்களும் மறுபடி எதிர்த்தார்கள். பிரதமராக இருந்த ஹீத் ஏறக்குறைய 28,000 பேரை உள்ளே விட்டார். ஆனால் கட்சிகள் பவலைத் தள்ளிவைத்துவிட்டு அவர் கேட்டதில் பாதியைக் கொடுக்கவும் செய்தன. பவல் பேசுவதற்கு முன்பே, கென்ய ஆசியர்களைத் தடுக்கும் சட்டத்தைத் தொழிற்கட்சி அரசு மூன்றே நாளில் நிறைவேற்றியிருந்தது. 1971-இல் ஹீத்தின் அரசே குடிவரவுச் சட்டத்தை மேலும் இறுக்கியது.

1976 ஆகஸ்டில் அதே பர்மிங்ஹாம் நகரின் மேடை ஒன்றில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், போதையில், பவலுக்கு ஆதரவாகக் கறுப்பர்களை வசைபாடினார். கறுப்பர்களின் ப்ளூஸ் இசையைப் பாடிப் புகழ் பெற்றவர் அவர். அதைக் கண்டித்து இசைப் பத்திரிகைகளுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்திலிருந்துதான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரலில் கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவில் அந்த இயக்கத்தினர் நடத்திய விழாவுக்குப் பல்லாயிரம் இளைஞர்கள் திரண்டார்கள்.

பவல் சொன்னது பலித்துவிட்டதே என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டுக்குள் 50 முதல் 70 லட்சம் பேர் என்றார். 2001 கணக்கெடுப்பில் வெள்ளையர் அல்லாதவர்கள் ஏறக்குறைய 46 லட்சம். எண்ணிக்கையில் அவர் வெகுதூரம் தவறவில்லை என்பதை ஏற்றுக்கொள்ளலாம். எண்ணிக்கை கூடினால் இரத்தம் ஓடும் என்றாரே, அதுதான் பொய்த்தது. 1981-இல் பிரிக்ஸ்டனில் கலவரம் வெடித்தது உண்மை. அதை விசாரித்த ஸ்கார்மன் பிரபு வேலையின்மையையும், வறுமையையும், போலீஸ் நடந்துகொண்ட விதத்தையும் சுட்டிக்காட்டினார். பவலின் சொந்தத் தொகுதியான வுல்வர்ஹாம்ப்டன் தென்மேற்கில் 2010-இல் அவருடைய கட்சியின் சார்பிலேயே பால் உப்பல் என்ற சீக்கியர் வென்றார். 2017-இல் அங்கே வென்ற எலினார் ஸ்மித் கறுப்பினப் பெண்மணி. மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர்.

2018-இல், உரையின் ஐம்பதாம் ஆண்டில், பி.பி.சி. வானொலி அதை முழுவதுமாக ஒரு நடிகரின் குரலில் ஒலிபரப்பியது. ஒலிபரப்பக் கூடாது என்று அடோனிஸ் பிரபு போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கருத்துகளோடு சேர்த்துத்தான் ஒலிபரப்புகிறோம் என்றது பி.பி.சி. அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்தச் சொற்களுக்கு ஒருவரைக் காயப்படுத்தும் வலு இருந்தது.

பவல் 1998 பிப்ரவரி 8 அன்று, 85-ஆம் வயதில் காலமானார். அந்த உரையை அவர் கடைசிவரை திரும்பப் பெறவில்லை. மூதாட்டியின் பெயரையும் சொல்லவில்லை. நேயர்களே, நம் காதில் விழும் மேடைப் பேச்சிலும் பெயரில்லாத மூதாட்டி ஒருவரின் கதை வரும். பேசுபவர் எவ்வளவு படித்தவராக, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி, அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.